பெரியவரைச் சுருக்கியவள்

வரி கோணலாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மிகையாகச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த ஆளிடம் நிம்மதியாகப் பேச முடியாமல் தவிக்கிறவர்கள் உண்டல்லவா, அவள் அந்த ரகம். அவள் பார்ப்பது சட்டையை அல்ல, கணினித் திரையில் இருக்கும் நிரல் வரிகளை. ஒரு வரி உள்ளே தள்ளியிருக்கும், அடுத்தது வெளியே துருத்தும், மூன்றாவதன் வாலில் யாரோ தெரியாமல் தட்டிவிட்டுப் போன காலி இடம் தொங்கும். அதைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்த வாயிற்காவலர்கூட அக்கா என்பார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் ஒரு வசதி, எந்த வேலையையும் தலையில் கட்டலாம், முகம் கோணமாட்டாள். "அக்கா, இதை ஒரு பார்வை பாருங்களேன்" என்று யாராவது நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு பார்வை ஒரு வாரம் இழுக்கும். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்கள் இருந்தது ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். சன்னலைத் திறந்தால் கீழே சோபாவை வண்டியில் ஏற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது கேட்கும். பேருந்து நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்துகொடுப்பது தொழில். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, எந்தத் தடம், எந்த நேரம் என்று தினமும் டியூட்டி போடுகிற வேலை இருக்கிறதே, அதை அந்த மென்பொருள்தான் செய்யும். அதன் நடுவில் ஒரு பகுதி உண்டு. யாருக்கு எது என்று கடைசியில் முடிவுசெய்வது அதுதான். ஆயிரக்கணக்கான வரிகள், ஒரே மூச்சில், பத்தி பிரிக்காமல். அலுவலகத்தில் அதற்குப் பெயர் பெரியவர். "பெரியவர் தூங்குறார், எழுப்பாதே" என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி.

பெரியவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. முந்தின இரவு வண்டி ஓட்டியவருக்குக் காலை டியூட்டி கிடையாது. அவரே கேட்டு வாங்கினால் உண்டு. கேட்டாலும் மலைப்பாதை என்றால் கிடையாது. மலைப்பாதைக்கு வேறு ஆளே இல்லை என்றால் உண்டு. இப்படி ஒவ்வொரு டிப்போவிலிருந்தும் புகார் வரவர, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'இல்லையென்றால்' ஒட்டப்பட்டது. ஒட்டியதன் மேல் இன்னொன்று ஒட்டப்பட்டது. ஒட்டியவர் ஒரே ஆள். அன்றைக்கு அவர் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் அவரை அண்ணா என்றாள், அவர் அவளைத் தங்கச்சி என்றார். வேகமாக எழுதுவார், எழுதியதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த வேகத்தைப் பார்த்து மேலிடம் மயங்கியது. இன்றைக்கு அவர்தான் அலுவலகத் தலைவர், கதவு வைத்த தனி அறை. அவள் இப்போது அவரை சார் என்கிறாள். அவர் தங்கச்சியை எப்போது விட்டார் என்று அவளுக்கு நினைவில்லை.

வேலை குறைவாக இருந்த ஒரு பிற்பகலில் அவள் பெரியவர் மேல் கைவைத்தாள். பயப்படாதீர்கள், பொருளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கோணல் வரிகளை நேராக்கினாள். எது எதற்குள் அடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே தள்ளி அடுக்கினாள். வால்களை வெட்டினாள். சோதனைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தாள். பெரியவர் முன்போலவே டியூட்டி போட்டார், ஆனால் தலைவாரிப் பவுடர் பூசிய மாதிரி இருந்தார். ஊரே பாராட்டியது. தலைவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பதான்மா மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவள் அன்று வீட்டுக்குப் போகும்போது படியில் பாடிக்கொண்டே இறங்கினாள். எதற்குச் சந்தோஷப்படுவது என்று சிலருக்குத் தெரிவதில்லை.

அந்த வருடம்தான் சிக்கல் மீட்டர் வந்தது.

மேலிடம் ஒரு கருவியை வாங்கியிருந்தது. அது நிரலின் ஒவ்வொரு பகுதியையும் படித்து, எத்தனை இடத்தில் வழி கிளை பிரிகிறது என்று எண்ணும். ஒவ்வொரு 'இல்லையென்றால்' என்பதும் ஒரு கிளை. பத்துக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. கிளை கூடக்கூடப் படிப்பவன் தொலைந்துபோவான், திருத்துபவன் தப்புச் செய்வான் என்பது கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. அவளே எத்தனையோ வருடமாக அதைத்தான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். மீட்டர் வருகிறது என்றதும் முதலில் கைதட்டியது அவள்தான்.

மீட்டரில் இன்னொரு விதியும் இருந்தது. எண்ணத் தொடங்குகிற நாளில், ஒரு பகுதியின் வரிகளைப் பெரும்பாலும் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர்தான் அதன் சொந்தக்காரர். பிறகு சிக்கல் ஏறினாலும் இறங்கினாலும் அவர் கணக்கில்தான் சேரும். வருடக் கடைசியில் யார் பெயரில் சிக்கல் அதிகம் இறங்கியிருக்கிறதோ, அவருக்குக் குழுத்தலைமை.

குழுத்தலைமை. இதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அவளுக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா அல்ல, பச்சையாக, வெறியாக வேண்டும். இரண்டு முறை கைக்கு எட்டி நழுவியிருந்தது. முதல் முறை மகள் வயிற்றில் இருந்தாள், அதனால் இல்லை என்றார்கள். அடுத்த முறை காரணமே சொல்லவில்லை. அவளிடம் வேலை கற்றவர்கள் எல்லாம் வேறு நிறுவனங்களில் தலைவர்களாகி, பார்க்கும்போது, "எப்படிக்கா இருக்கீங்க, இன்னும் அங்கேயேதானா?" என்றார்கள். நாத்தனார் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் கையில் வாங்கும் முன்பே, "என்ன அண்ணி, அதே சீட்டுதானா?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும் என்று இவளுக்குத் தோன்றும்.

மீட்டரின் முடிவுகளைக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரையில் போட்டார்கள். முதல் நாள் கூட்டம் கூடி நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பட்டை. சிலருக்குப் பச்சை, சிலருக்குக் கொஞ்சம் சிவப்பு. உச்சியில் ஒரு பெயர், அதன் பட்டை திரையின் அகலம் போதாமல் ஓரத்தில் வெட்டப்பட்டிருந்தது. அது அவள் பெயர்.

"அக்கா! நீங்களா?" என்றான் பின்னால் நின்றவன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வது. பிறகுதான் புரிந்தது. பெரியவரின் அத்தனை வரிகளையும் கடைசியாகத் தொட்டது அவள் கை. தலைவாரிவிட்டவளைப் பெற்றவள் என்று எழுதிவைத்துவிட்டது மீட்டர்.

நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். மடிக்கணினியைத் திறந்து, எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்ற பழைய வரலாற்றைக் காட்டினாள். அவள் தொடுவதற்கு முந்தின நாள்வரை ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அவர் பெயர் இருந்தது.

"சார், நான் இடைவெளியை மட்டும்தான் மாத்தினேன். இடைவெளி மாற்றத்தைக் கணக்குல எடுக்காதேன்னு மீட்டர்லயே ஒரு வசதி இருக்கு. ஒரே ஒரு டிக் போட்டா போதும், எல்லாம் சரியாயிடும்."

அவர் திரையைப் பார்த்தார். தன் பெயர் வரிசையாக இறங்கிப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணினியை மெதுவாக அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"இது பழைய கதைம்மா. இன்னிக்கு உனக்கு ஒரு டிக் போட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு டிக் கேட்டு வரிசையில நிப்பாங்க. மீட்டர்னா மீட்டர், அதுக்கு நீயும் ஒண்ணு நானும் ஒண்ணு."

"ஆனா அது நான் எழுதினது இல்லையே சார்."

"யார் எழுதினா என்ன? உன் பேர்ல இருக்கிறதும் ஒரு விதத்துல நல்லதுதான். நீ இறக்கிக் காட்டு. இவ்வளவு பெரிய இறக்கம் வேற யாருக்கும் வராது. அந்த சீட்டு உனக்குத்தான், நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. இந்த ஒரு வார்த்தையை நம்பிக் கெட்டவர்களை எண்ணினால் எந்த மீட்டரும் தாங்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிடைத்த பழியையே ஏணியாக்கிக்கொள்ளலாம். ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தாள்.

பக்கத்துத் தடுப்பில் ஒருவன் இருந்தான். பட்டப்பெயர் கத்தரி. சிவப்பாக இருக்கும் எந்தப் பகுதியையும் துண்டு துண்டாக வெட்டுவான். நாற்பது கிளை இருந்தால் ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டும் பத்துக்குள், எல்லாம் பச்சை. முதல் துண்டு இரண்டாவதைக் கூப்பிடும், இரண்டாவது நான்காவதைக் கூப்பிடும், நான்காவது திரும்பி வந்து மூன்றாவதிடம் கேட்கும். படிக்கிறவன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். ஆனால் பையன் நல்லவன், ஒளிவுமறைவு இல்லை.

"அக்கா, ஏன் இப்படி மாரடிக்கிறீங்க? பெரியவரை எங்கிட்ட விடுங்க. சாயந்திரத்துக்குள்ள பச்சையாக்கித் தர்றேன்."

"சிக்கல் அப்படியேதானே இருக்கும்?"

"இருக்கும். மீட்டருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் அவள். கத்தரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். உண்மையாகவே பரிதாபப்பட்டான்.

அவள் வெட்டவில்லை. பிரித்தாள். ஒவ்வொரு கிளையும் எதற்காக வந்தது என்று தேடிப் போனாள். டிப்போக்களுக்குத் தொலைபேசியில் பேசினாள், சில இடங்களுக்கு நேரிலேயே போய் டீசல் வாடையில் நின்று கேட்டாள். ஒரு குறிப்பிட்ட எண் உள்ள ஓட்டுநருக்கு மட்டும் அந்திநேர டியூட்டி போடக்கூடாது என்று ஒரு கிளை இருந்தது. அந்த டிப்போவின் டியூட்டி எழுத்தர் யோசித்து யோசித்துச் சொன்னார்: "அவருக்கு மங்கல் வெளிச்சத்துல கண்ணு சரியாத் தெரியாதும்மா. அவர் ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலமாச்சு. இன்னுமா அவரைத் தேடிக்கிட்டிருக்கு உங்க கம்ப்யூட்டர்?" அந்தக் கிளை போனது. இடித்துக் கடைத்தெரு ஆக்கிவிட்ட ஒரு பேருந்து நிலையத்துக்காகப் பெரியவர் தினமும் ஏழெட்டு இடத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவையும் போயின.

மிச்சம் இருந்தவற்றை எழுதி வைத்துப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பாதிக் கிளைகள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வாயால் கேட்டன. இந்த ஆள் போதுமான அளவு ஓய்வெடுத்தாரா என்பதுதான் அந்தக் கேள்வி. இரவு ஓட்டியவர், தொடர்ந்து ஓட்டியவர், தூரத்திலிருந்து வருகிறவர், நோயிலிருந்து திரும்பியவர், எல்லாரையும் பற்றி அது ஒன்றுதான். அதை ஒரே ஓர் இடத்தில் ஒழுங்காகக் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக உதிரும். இத்தனை வருடம் ஒருவரும் பெரியவரிடம் உட்கார்ந்து, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கவில்லை.

கணவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தருகிற கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, எரிஞ்சுபோச்சா?" என்றார்.

"எரியலை. தேவையில்லாம ரொம்பச் சுத்தி வச்சிருக்காங்க."

"சுத்தினவனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லு."

"சுத்தினவர் தலைவராயிட்டார்."

"அப்ப சரி, நீதான் பிரிக்கணும்" என்றார். அவருக்கு அவள் வேலை தலையும் புரியாது காலும் புரியாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது போல விஷயத்தைத் தொட்டவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

மாதக்கணக்கில் போனது. புதுப் பெரியவரையும் பழைய பெரியவரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இருவரும் ஒரே டியூட்டியைப் போடுகிறார்களா என்று பார்த்தாள். போடாத இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பழையவரின் தப்பு. கடைசியில் பெரியவர் ஒரு திரைக்குள் அடங்கினார். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தால் புரிந்தது. மீட்டரை ஓட்டினாள். ஒன்பது.

ஒன்பது என்று பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷம்தான். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அவள் பட்டை, மலைபோல் நின்றது, பொடிப்பொடியாய்ச் சரிந்து பச்சையாகிக் கிடந்தது. கத்தரி வந்து கைகுலுக்கினான். "சீட்டு உங்களுக்குத்தான்கா, என் வெட்டெல்லாம் சேர்த்தாலும் இதுல கால்வாசி வராது" என்றான். அவள் முதல்முறையாக நாத்தனாரை அவளாகவே தொலைபேசியில் கூப்பிட்டு, ஒன்றுமில்லாத விஷயத்தைப் பேசிவிட்டு வைத்தாள். பதவி கிடைத்ததும் சொல்ல வேண்டிய தோரணையை ஒத்திகை பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருடக் கடைசிக் கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். நாற்காலிகள் போதாமல் பாதிப்பேர் சுவரோரம் நின்றார்கள். தலைவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ரொம்ப நாளா என் மனசை உறுத்திக்கிட்டிருந்த விஷயம். நம்ம பெரியவரை எழுதினது நான்தான். அத்தனை சிக்கலும் என் சிக்கல். ஆனா மீட்டர் பாவம், இடைவெளி மாத்தினதை வச்சு அக்கா பேர்ல எழுதிடுச்சு. அக்கா எங்கிட்ட அப்பவே வந்து சொன்னாங்க. நியாயமான கோரிக்கை. அதனால நேத்து அந்த டிக்கைப் போடச் சொல்லிட்டேன். இனி அந்தப் பழி அவங்க பேர்ல இருக்காது."

மேலிடத்து ஆள் ஒருவர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். தலைவன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், தன் தப்பைத் தானே சபையில் ஒப்புக்கொள்கிறானே. அவளுக்குக்கூட ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது. திரை மாறும்வரை.

திரை மாறியது. அவள் பெயருக்கு எதிரே ஒரு சின்னப் பச்சைப் பட்டை. வருடத் தொடக்கத்திலும் சின்னது, கடைசியிலும் சின்னது. இறக்கம் ஒன்றுமில்லை. தலைவர் பெயருக்கு எதிரே வருடத் தொடக்கத்தில் திரை கொள்ளாத சிவப்பு, கடைசியில் ஒன்பது. அந்த அலுவலகம் மட்டுமல்ல, நிறுவனத்தின் எந்தக் கிளையிலும் யாரும் காட்டாத இறக்கம். பகுதி அவருடையது என்றால் இறக்கமும் அவருடையதுதானே. மீட்டருக்கு அவரும் ஒன்று அவளும் ஒன்று.

மேலிடத்தவர் எழுந்துநின்று அவருக்குக் கைகொடுத்தார். தலைவர் அடக்கமாகத் தலைகுனிந்து, தனக்குப் பதவி எதுவும் வேண்டாம் என்றும், விதிப்படி அடுத்த பெரிய இறக்கம் யாருடையதோ அவருக்கே குழுத்தலைமை போகட்டும் என்றும் சொன்னார். அடுத்தது கத்தரி. கத்தரிக்கு முகம் செத்துப்போயிற்று. அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் சொல்லியிருக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். அந்த அலுவலகத்தில் எந்தக் கூட்டத்திலும் அவள் தானாக எழுந்து பேசியதில்லை.

"சார், எழுதினது நீங்க. சுருக்கினது நான். இந்த வருஷம் முழுக்க அதுல ஒரு வரிகூட நீங்க தொடலை."

சொல்லிவிட்டாள். கீழே சோபா ஏற்றுகிறவர்கள் திட்டிக்கொள்வது தெளிவாகக் கேட்டது. இனி அவர் மறுப்பார், தான் வரலாற்றைத் திறந்துகாட்டலாம், ஒவ்வொரு வரியையும் எடுத்துப் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கலாம் என்று அவள் காத்திருந்தாள். மடிக்கணினி கையிலேயே இருந்தது.

தலைவர் மறுக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்தார்.

"அதை யாரும்மா இல்லைன்னு சொன்னா? நம்ம அக்கா இல்லாட்டி இது நடந்திருக்குமா? எல்லாரும் அக்காவுக்கு ஒரு கைதட்டு குடுங்க."

அறை அதிர்ந்தது. பொய்யான கைதட்டல் அல்ல, அதுதான் அவளால் தாங்க முடியாதது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் உண்மை தெரியும். பின்னால் நின்றவன் விசிலடித்தான். மேலிடத்து இருவரும் அவள் பக்கம் திரும்பிப் புன்னகையோடு தட்டினார்கள். கத்தரிதான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினான். தட்டி முடித்ததும் தலைவர் பொத்தானை அழுத்தினார், திரையில் அடுத்த பக்கம் வந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவர் மெல்ல முழங்கையைத் தொட்டு, "உக்காருங்கக்கா, பின்னாடி மறைக்குது" என்றார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது கணவர் கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார். மகள் பள்ளிப் பையைக்கூட இறக்கிவைக்காமல் அவர் பின்னால் நின்றாள். இருவருக்கும் அன்றைக்குத்தான் முடிவு என்று தெரியும்.

"என்னம்மா, உண்மையைச் சொல்லிட்டியா?" என்றார் அவர். இறக்கம் தலைவர் பெயரில் போனதுவரை அவள் பேருந்தில் வரும்போதே தொலைபேசியில் சொல்லியிருந்தாள், மிச்சத்தைச் சொல்ல வாய் வராமல் வைத்துவிட்டிருந்தாள்.

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"அப்புறம் என்ன செஞ்சாங்க?"

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிட்டாள்.

"கைதட்டினாங்க."